கிளட்ச் கால்

இடது கெண்டைக்காலில் வலி எப்போது வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. விழுந்து அடிபட்டிருந்தால் நாளும் கிழமையும் நினைவிருக்கும். இது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்கிவிட்ட உறவுக்காரர் மாதிரி வந்தது. முதலில் சாயங்காலம் மட்டும் தலைகாட்டியது. பிறகு மத்தியானமே வந்தது. கடைசியில் நான் பாயை விட்டு எழுவதற்கு முன்பே அது எழுந்து உட்கார்ந்திருந்தது.

அப்போது நான் பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலையேறி, கரியாலூர் வழியாக வெள்ளிமலை போய்த் திரும்பும் வண்டி. எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. காலையில் போன ரோடு சாயங்காலம் திரும்பி வரும்போது இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே கிடக்கும். மறியலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வண்டியில் தினமும் ஏறுகிறவர்கள்தான். பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்கிறார்கள், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வண்டி ஓடினால்தான் எனக்குச் சோறு. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு திரிந்து அலுத்துப்போயிருந்தேன்.

கண்டக்டருக்குக் கால் வலிப்பதெல்லாம் ஒரு சேதியா? நின்றே பிழைக்கிறவனுக்குக் கால் வலிக்காமல் காதா வலிக்கும்? டெப்போவில் சொன்னபோது இப்படித்தான் சிரித்தார்கள். வேறு சமயமாக இருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் அந்த வலி வந்தது எங்கள் வண்டியின் டிரைவர் செத்துப்போன கொஞ்ச காலத்துக்குள். அவருக்கும் இடது கால்தான். அவருக்கும் கெண்டைச்சதைதான்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் என் காலைப் பற்றிச் சொல்ல முடியாது. தியாகதுருகத்துக்காரர். என்னைவிட மூத்தவர். வருஷக்கணக்காக நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் ஒரே ரூட்டில் ஓடினோம். வாயைத் திறந்தால் திட்டு. மனைவியோடு பேசியதைவிட அவரிடம் திட்டு வாங்கியதுதான் எனக்கு ஜாஸ்தி. ஒருநாள் திட்டவில்லை என்றால் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று நானே கேட்பேன். "உன் மூஞ்சிய காலையில பாத்தேன்ல, அதான்யா பிரச்சன" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால், வளைவு கண்ணில் படுகிற தூரத்திலேயே, சின்னதாக ஒரு ஹாரன் அடிப்பார். எதிரே வண்டி வந்தாலும் அடிப்பார், வராவிட்டாலும் அடிப்பார். அடுத்த வளைவு வரைக்கும் ரோடு வெறிச்சென்று தெரிகிற இடத்திலும் அடிப்பார். அந்த மலை ரோட்டில் நாளைக்கு எத்தனை வண்டி வந்துவிடப் போகிறது? கரியாலூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார் ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து தூங்கப் பார்ப்பார். ஹாரன் அவரைத் தூங்க விடாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"யாருமே இல்லாத ரோட்ல யாருக்குங்க அடிக்கிறீங்க?"

"கொரங்குக்குங்க."

"எங்கங்க கொரங்கு?"

"பின்னால ஒண்ணு தோல் பை மாட்டிக்கினு நிக்குது பாருங்க."

வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். டிரைவரின் கிண்டலைத் தாங்காதவன் மலை ரூட்டில் கண்டக்டராக இருக்க முடியாது. அன்றிலிருந்து யாராவது ஹாரனைப் பற்றிக் கேட்டால் நானே முந்திக்கொண்டு, "கொரங்குக்குங்க" என்று சொல்லிவிடுவேன்.

டிரைவர்கள் கிளட்ச் மிதிப்பது இடது காலால். மலை ரோட்டில் கியரை மாற்றி மாற்றி அந்தக் கால் ஓய்ந்துவிடும். எங்கள் ஆட்களிடம் அதற்குப் பெயரே உண்டு, கிளட்ச் கால். டிரைவருக்கு இடது காலில் எந்த வலி வந்தாலும் அது கிளட்ச் கால்தான். வேறு எதுவாகவும் இருக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள். வைத்தியமும் எல்லாருக்கும் தெரியும். வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்து, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி உருவி, உப்பு ஒத்தடம் கொடுக்க வேண்டும். டாக்டரிடம் யாரும் போவதில்லை. போனால் மலை ரூட்டுக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

அதனால் அவர் நொண்டிக்கொண்டு வந்தபோது நான் கேட்டதும் அவர் சொன்னதும் வழக்கமான பேச்சாகத்தான் இருந்தது.

"இன்னாண்ணா, நொண்டிக்கினு வர்றீங்க?"

"கிளட்ச் காலுய்யா. இன்னாத்த செய்யறது. நீ ஏறு, டைம் ஆவுது."

வீட்டில் அவர் மனைவி தினமும் எண்ணெய் வைத்து உருவி விட்டார். கால் வீங்கித்தான் இருந்திருக்கிறது. ஒருநாள் காலையில், "இன்னிக்கி வலி கம்மியா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். தண்ணீர்த் தொட்டியடியில் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தவர், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது டாக்டர் அவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்றார். "கால்ல வீக்கம் இருந்துதா?" என்று கேட்டார்.

"இருந்துதுங்க. நான்தான் தெனமும் எண்ண வச்சி உருவி வுட்டேன்."

டாக்டர், "அந்த மாதிரி கால உருவக் கூடாதும்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்ப நான் உருவுனதாலயா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

அந்த அம்மாள் அந்தக் கேள்வியை அதோடு விடவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு நான் போய்ப் பார்த்த ஒவ்வொரு தடவையும் கேட்டார். காப்பியைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் உருவுனதாலயா?" என்பார். எனக்கு என்ன தெரியும்? டிக்கெட் கிழிக்கிறவன் நான்.

புது டிரைவர் வந்தார். டவுன் வண்டியிலிருந்து மாறி வந்த இளைஞர். தங்கமான பிள்ளை. வாங்கண்ணா, சாப்டிங்களாண்ணா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். திட்டு இல்லாமல் எனக்குத்தான் நாள் ஓடவில்லை. வண்டியை வேகமாக, சுத்தமாக ஓட்டுவார். ஹாரன் மட்டும் அடிக்க மாட்டார். ஹாரன் அடிப்பது வண்டி ஓட்டத் தெரியாதவன் வேலை என்பது அவருடைய கொள்கை. எதிரே வண்டி வந்தால் எஞ்சின் சத்தமே சொல்லிவிடும் என்பார். பள்ளிக்கூட வாத்தியார் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார். "அப்பாடா, காது தப்பிச்சிது" என்று நான்கூடச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் என் கால்.

முதலில் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியின் மேலே மூட்டை கட்டும் சணல் கயிற்றில் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டேன். வலது கெண்டைக்காலைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை இடது காலில் சுற்றினால் முடிச்சு எட்டவில்லை. வீங்கியிருக்கிறதோ என்று அவிழ்த்து மறுபடியும் சுற்றிப் பார்த்தேன். மறுநாள் அளந்தால் எட்டியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் எட்டவில்லை. ஈரம் பட்டால் சணல் சுருங்கும் என்பது கயிறோடே பிழைத்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அளந்தேன். பயந்தவனுக்குக் கயிறு போதும்.

சதையின் உள்பக்கத்தில் தொட்டால் வலித்தது. தோல் லேசாகக் கன்றியிருந்தது. எங்காவது இடித்துக்கொண்டாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. காரணம் தெரிந்த வலியைத் தாங்கிக்கொள்ளலாம். காரணம் இல்லாத வலி, வீட்டுக்குள் எங்கேயோ பாம்பு இருக்கிறது என்று தெரிந்த மாதிரி. காலை எங்கே வைப்பதென்றே தெரியாது.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். நான் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது பின்னால் வந்து நின்றாள். உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தைச் சூடாக்கி எடுத்து வந்து, கால்மாட்டில் உட்கார்ந்து காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் சடாரென்று காலை உதறினேன். கிண்ணம் கவிழ்ந்தது.

"இன்னாங்க இது? தொடறதுக்குக்கூட நான் ஆவாதவளா பூட்டனா?"

"தொடாதன்னா தொடாத."

"எல்லார் வூட்லயும் புருஷனுக்குக் கால் வலிச்சா பொண்டாட்டி எண்ண வைக்க மாட்டாளா? நான் இன்னா வெஷமா வைக்கிறேன்?"

தரையில் பரவிய எண்ணெயைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே அழுதாள். எனக்குக் கோபம் போய் அலுப்பு வந்தது. டிரைவர் மனைவி கேட்கிற கேள்வியைச் சொன்னேன். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதே கேள்வியை நீயும் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிய வேண்டாம், அதற்குத்தான் என்றேன். துடைத்த கை அப்படியே நின்றது. அவளுக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவரை அந்த வீட்டில் நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருந்தேன். பிறகு இருவர்.

அவள் விடாமல் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அழுத்திப் பார்த்தார், பாதத்தை மேலே மடக்கிப் பார்த்தார், இரண்டு காலையும் அளந்தார். டேப்பால்தான் அளந்தார், சணலால் இல்லை.

"ரத்தக்கட்டா இருக்கலாம். வெறும் தசை வலியாவும் இருக்கலாம். மருந்து ஏத்திப் படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குப் புதுச்சேரி போங்க. தள்ளிப் போடாதீங்க. அதுவரைக்கும் காலத் தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது. நெஞ்சு வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூட நிக்காம ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

இருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து என்னோடு படுத்தது, என்னோடு எழுந்தது. டிரைவருக்கும் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார்கள், அவர் செத்த பிறகு.

லீவு கேட்டேன். ஆள் இல்லை, நாளைக்கு ஒருநாள் மட்டும் மலை வண்டிக்குப் போய்விட்டு வா, மறுநாள் புதுச்சேரிக்குப் போ என்றார்கள். போனேன். நாங்கள் கரியாலூர் போய்ச் சேர்ந்ததும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றும் மழையும் வெளுத்து வாங்கின. மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு மரம் சாய்ந்துவிட்டது, மண் சரிந்துவிட்டது என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதைச் சரிசெய்யக் கீழேயிருந்து ஆள் வர வேண்டும். கீழேயோ மறியல். அடிவாரத்து ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மேலே சாமி தள்ளிய மரம், கீழே ஆள் தள்ளிய மரம். நடுவில் நான், என் கால், அதற்குள் ஒரு 'இருக்கலாம்'.

மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் வந்துவிடு என்று சொன்னாரே டாக்டர், எதில் வருவது?

பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த மலைக்கார அம்மாள் எனக்கும் டிரைவருக்கும் கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். நான் காலை மடக்காமல் நீட்டியபடி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்டக்டரே, காலு புடிச்சிகிச்சா? எண்ண கீது, சூடா போட்டு உருவி வுட்டா சரியா பூடும்" என்று சொல்லிக்கொண்டே என் பாதத்தைப் பிடித்தார்.

"கையெடுங்க!"

அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். புது டிரைவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். சோறு போட்டவரிடம் கத்திவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் மட்டும் அசையவில்லை.

"சரி, தொடல. சத்தம் போடாம சாப்புடு, சோறு ஆறுது" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

வண்டி நகரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். மலையில் சும்மா உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்குச் சுகமாக இருந்திருக்கலாம். மழை விட்டதும் மேகம் கீழே இறங்கிப் பலா மரங்களுக்குள் புகுந்து போகும். புது டிரைவர் அருவி பார்க்கப் போய்விட்டு வந்து, "சூப்பரா இருக்குதுண்ணா, வர்றீங்களா?" என்றார். நான் வண்டிக்குள்ளேயே காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. காலையில் எழுந்து காலை ஊன்றினேன். வலி குறைந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் குறைந்திருந்தது. கயிற்றால் அளந்தேன், முடிச்சு எட்டியது. சந்தோஷப்பட வேண்டியவன் வேர்த்து விறுவிறுத்துப் போனேன். 'இன்னிக்கி வலி கம்மியா இருக்குது' என்று சொல்லிவிட்டுத்தானே அவர் குளிக்கப் போனார்? கட்டி காலை விட்டுக் கிளம்பிவிட்டது, அதனால்தான் வலி இல்லை என்று முடிவே செய்துவிட்டேன். அன்று நான் குளிக்கவில்லை. குளிக்கப் போகிற தைரியம் வரவில்லை.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு சரியாக இருக்கிறதா, குறைகிறதா? மூச்சை எதைக்கொண்டு அளப்பது? கயிறா போட முடியும்? கழுத்தில் விசில் தொங்கியது. அதை வாயில் வைத்து, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஊத முடிகிறது என்று ஊதிப் பார்த்தேன். நீளமாகத்தான் வந்தது. சந்தேகமாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை ஊதினேன்.

கண்ணைத் திறந்தால் வண்டியைச் சுற்றிக் கூட்டம். வண்டி புறப்படுகிறது என்று நினைத்துக் கடுக்காய் மூட்டையும் மரவள்ளிக்கிழங்கும் கைக்குழந்தையுமாக ஊரே ஓடி வந்துவிட்டது. ஒரு பெரியவர் வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தார். புது டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"ரோடு தொறந்துட்டாங்களாண்ணா?"

"இல்ல தம்பி."

"அப்பறம் எதுக்கு விசில் குடுத்தீங்க?"

மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? "விசில் அடச்சிக்கினு இருந்துது, சரி பண்ணேன்" என்றேன். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். பழைய டிரைவர் இருந்திருந்தால் என்னை எப்படித் திட்டியிருப்பார் என்று நினைத்தேன். அந்தத் திட்டு அப்போது எனக்கு வேண்டியிருந்தது. வண்டியின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் செத்ததிலிருந்து நான் அழவே இல்லை என்பது அங்கேதான் நினைவுக்கு வந்தது. அப்போதும் அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும் என்று பயம்.

கீழே மறியல் தளர்ந்தது. மலைக்காரர்களே கோடரி எடுத்துக்கொண்டு இறங்கி, விழுந்த மரங்களை ஒரு வண்டி போகிற அளவுக்கு வெட்டி ஒதுக்கத் தொடங்கினார்கள். போகலாம், ஆனால் வளைவுக்கு வளைவு ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துப் போங்கள் என்று சேதி வந்தது. இந்தத் தடவை நான் ஊதிய விசில் நிஜ விசில். நாள்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் ஏறியது. நிற்க இடமில்லை. ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கையில் பையும் சில்லறையும். கெண்டைக்காலை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நடுவில் நின்றேன்.

ஹாரன் வண்டி ஓட்டத் தெரியாதவன் வேலை என்று சொன்ன தம்பிக்கு அன்று வேறு வழியில்லை. வளைவின் அந்தப் பக்கம் கோடரியோடு ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் விலக நேரம் வேண்டும். அதனால் வளைவு கண்ணில் பட்டதுமே, வெகு முன்னாலேயே, ஒரு ஹாரன் அடித்தார். அடுத்த வளைவுக்கு இன்னொன்று. அடுத்ததற்கு இன்னொன்று.

நான் எதையும் யோசிக்கவில்லை. ஹாரன் கேட்டதும் என் வலது கை சில்லறையைப் பையில் போட்டுவிட்டுத் தானாக மேலே போய்க் கம்பியைப் பிடித்தது. வண்டி திரும்பியது. வளைவு முடிந்ததும் கை தானாகக் கீழே இறங்கி, விட்ட இடத்திலிருந்து டிக்கெட் கிழித்தது. மறுபடியும் ஹாரன், மறுபடியும் கம்பி. அணை கண்ணுக்குத் தெரிந்தபோதுதான் நான் கீழே குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும் தரையில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தன.

அது ஏன் எனக்குப் புதிதாகத் தெரிந்தது? பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். நான் எப்போதும் சாய்ந்து நிற்கிற சீட். அதன் இரும்புக் கால் ஒன்றில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பெயிண்ட் சுத்தமாகப் போய் இரும்பு பளபளத்தது. என் இடது காலை அதன் அருகே கொண்டுபோனேன். பாதம் இரும்புக்குப் பின்னால் கொக்கி மாதிரிப் போய் மாட்டிக்கொண்டது. பளபளத்த இடமும் கன்றியிருந்த இடமும் ஒட்டிக்கொண்டன. வலித்தது. அதே வலி.

ஹாரன் இல்லாத வளைவுகளில், இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது, விழாமல் இருக்க என் கால் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. என்னிடம் அது சொல்லவில்லை. மலையில் இருக்கிற வளைவு ஒவ்வொன்றுக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும், அந்த இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. முன்பு அது தேவைப்படவில்லை. முன்பு எனக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவர் இருந்தார். வருஷக்கணக்காக, யாரும் இல்லாத ரோட்டில், ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்களிடம் யாருக்கு என்றும் உள்ளதைத்தான் சொன்னார். அதை வேடிக்கை என்று நினைத்து மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

"கண்டக்டரே, கச்சிராயபாளையம் ஒண்ணு குடு" என்று யாரோ கையை நீட்டினார்கள். டிக்கெட் எனக்குக் கண்ணில் தெரியவில்லை. "இன்னா கண்டக்டரு, அழுவுறே?" என்று அந்த ஆள் கேட்டார். ஆமாம் என்றேன். மூச்சு வாங்கியது. பயமாக இல்லை.

இருந்தாலும் புதுச்சேரிக்குப் போனேன். மனைவி விடவில்லை, எனக்கும் அந்த 'இருக்கலாம்' முழுதாக ஒழிய வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காலில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை, ரத்தம் நன்றாக ஓடுகிறது, தசை இழுத்து நொந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். மனைவி அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எதனால வந்துச்சுன்னு ஏதாவது தெரியுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"டிரைவர் ஹாரன் அடிக்கலைங்க" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

திரும்பும்போது தியாகதுருகத்தில் இறங்கி டிரைவர் வீட்டுக்குப் போனோம். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அந்த அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரும்மா, நல்லா இரு" என்றார். ஹாரன் விஷயத்தைச் சொன்னேன். "அவரு அப்படித்தான். எதையும் நேரா சொல்ல மாட்டாரு" என்று முதல் தடவையாகச் சிரித்தார். காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் உருவுனதாலயா?" என்று கேட்டார். என் மனைவிதான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுபடியும் வேலைக்குப் போன அன்று, மலை ரோடு சுத்தமாகிவிட்டிருந்தது. வெட்டிய மரங்கள் ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஆள் நடமாட்டம் இல்லை. அணை தாண்டி மேட்டில் ஏறுவதற்கு முன் டிரைவரிடம் போனேன்.

"தம்பி, வளைவு வர்றதுக்கு முன்னாடி ஒரு ஹாரன் அடிங்க. கொஞ்சம் முன்னாடியே."

"எல்லா வளைவுக்குமாண்ணா?"

"எல்லாத்துக்கும்."

"ரோடுதான் காலியா கீதேண்ணா. யாருக்கு அடிக்கறது?"

இரும்புக் காலையும் கெண்டைக்காலையும் விளக்கிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கொரங்குக்கு" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தார். நான் என் இடத்துக்குப் போய் நின்று, பையைச் சரிசெய்துகொண்டு விசில் கொடுத்தேன். முதல் வளைவுக்கு வெகு முன்னாலேயே ஹாரன் கேட்டது. கையைத் தூக்கி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.